பிரசவத்தில் போகும் ரத்தத்தைக் கண்ணால் அளக்க முடியாது

பிரசவத்தை ஒட்டித் தாய்மார்கள் இறப்பதற்கு உலகத்தில் முதல் காரணம் ரத்தப்போக்கு. ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் ஏழை நாடுகளில். இத்தனைக்கும் இதை நிறுத்துகிற மருந்துகள் பல வருஷமாகவே இருக்கின்றன, விலையும் அதிகமில்லை. பிறகு ஏன் சாகிறார்கள்? ரத்தம் அதிகமாகப் போவதை நேரத்தோடு யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் பல இடங்களில் பதில், எனக்கு ஆற்றாமையாக இருப்பதும் அதுதான்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து நிற்கும். அவற்றை முதலில் மூடுவது ரத்தம் உறைவதால் அல்ல, தசையால். கர்ப்பப்பையின் தசைநார்கள் அந்தக் குழாய்களைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், அது இறுகும்போது சுருக்குப்பையின் கயிற்றை இழுத்த மாதிரி எல்லாம் நெரிபட்டு மூடிக்கொள்கின்றன. இறுகாமல் தளர்ந்து கிடந்தால் ரத்தம் நிற்காது.

500 மில்லிலிட்டர் போனால் அதிகப்படி என்பது வழக்கமான கணக்கு. ஆனால் போகிற ரத்தம் துணியில் ஊறுகிறது, பனிக்குட நீரோடு கலக்கிறது, மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கிறது. அனுபவசாலிகளின் கண்ணும் இதைக் குறைத்தே மதிப்பிடும், அதுவும் எவ்வளவு அதிகம் போகிறதோ அவ்வளவு மோசமாக. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடியிருப்பதால் நாடியும் ரத்த அழுத்தமும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து, ஒன்றுமில்லை என்று நம்ப வைத்துவிடும்.

சரி, அளந்து பார்த்தால்? தாயின் இடுப்புக்கு அடியில் விரிக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன் முனையில் கோடு போட்ட பை, அவ்வளவுதான். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில், 2 லட்சத்துக்கும் மேலான பிரசவங்களில் நடந்த 'இ-மோட்டிவ்' ஆய்வு 2023இல் வெளிவந்தது. வழக்கமான முறையில் ரத்தப்போக்கு பாதிப் பேரிடம்தான் கண்டுபிடிக்கப்பட்டது, விரிப்பு வைத்து அளந்த இடங்களில் 93 சதவீதம். கண்டுபிடித்த கையோடு வயிற்றை அழுத்தித் தேய்ப்பது, கர்ப்பப்பையை இறுக்கும் மருந்து, உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழியாகத் திரவம், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்ற பரிசோதனை, எல்லாவற்றையும் ஒன்று முடிந்து இன்னொன்று என்று காத்திருக்காமல் சேர்த்தே செய்தார்கள். ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை சிகிச்சை, மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 60 சதவீதம் குறைந்தது.

மருந்திலும் நேரம்தான் எல்லாம். டிரானெக்ஸாமிக் அமிலம் தாமதமாகும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலன் சுமார் 10 சதவீதம் குறையும், 3 மணி நேரம் தாண்டினால் பலனே இல்லை. கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசினைக் குளிரில் வைக்காவிட்டால் வீரியம் போய்விடும். அதனால் கரண்ட் நிலையாக இல்லாத இடங்களில், ரத்தப்போக்கு வராமல் தடுப்பதற்கு, அதே வேலையைச் செய்கிற, வெப்பம் தாங்கும் கார்பெடோசின் பெரிய உதவி.

அப்புறம் ரத்தசோகை. சத்தான சாப்பாடில்லாமல் ரத்தம் குறைந்த பெண்ணுக்கு 500 மில்லிலிட்டர் என்பது மற்றவர்களுக்குப் போல இல்லை, அதைவிடக் குறைவாகப் போனாலே உடம்பு தாங்காமல் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 300 மில்லிலிட்டர் போயிருக்கும்போதே நாடியோ ரத்த அழுத்தமோ மாறியிருந்தால் உடனே சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது.