மறதி நோய் முற்றியவர்களுக்கு மனநல வார்டில் என்னென்ன உரிமை?

"ஆச்சிக்கு வயசாயிட்டு, அதான் மறந்துபோறா" என்று நம் திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் விட்டுவிடுகிறோம். ராத்திரி எழுந்து தெருவில் நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவு நினைவுக்கு வருகிறது. அங்கே போனால் ஊர் 'கோட்டி' (பைத்தியம்) என்று சொல்லிவிடுமோ என்ற பயம் வேறு. அந்தப் பயத்தில் நாள் கடத்தாதீர்கள்.

2018 மே 29 முதல் நடப்பில் இருக்கும் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், நினைவாற்றல் கடுமையாகக் கெட்டுப்போவதையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. அதனால் டிமென்ஷியா எனும் மறதி நோய் முற்றியவருக்கும் அதன் பாதுகாப்பு உண்டு. தானே முடிவெடுக்க முடியாத நோயாளியை, அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் செயல்படுபவர்) விண்ணப்பித்துச் சேர்க்கலாம். முதலில் 30 நாள் வரை வைத்துக்கொள்வார்கள். நினைவு தெளிவாக இருக்கும்போதே, யார் தன் பிரதிநிதி என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிடலாம். எழுதாவிட்டால் பொதுவாக உறவினர் அந்த இடத்துக்கு வருவார்.

ஆள் பற்றாக்குறை என்று சொல்லி யாரையும் கட்டிப்போடக் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு கட்டலாம். 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குச் சொல்லியாக வேண்டும்.

நோய் முற்றியவர் 'வலிக்குது' என்று சொல்லமாட்டார். முகம் சுளிப்பார், முனகுவார், தொட்டால் கையைத் தட்டிவிடுவார். படுக்கைப்புண்ணோ மலச்சிக்கலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் அது வெறும் முரட்டுத்தனமாகத்தான் நமக்குத் தெரியும். தூக்க மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால், "வலி இருக்கான்னு பாத்தீங்களா டாக்டர்?" என்று கூசாமல் கேளுங்கள். இதையெல்லாம் கவனிப்பதுதான் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை. புற்றுநோய்க்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள், மறதி நோய்க்கும் அது தேவை. விழுங்கச் சிரமப்படும் கடைசிக் கட்டத்தில் மூக்கில் குழாய் போடுவது ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, குழைவாகப் பிசைந்து, மெதுவாகக் கையால் ஊட்டுவதையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

சரி, வீட்டுக்குக் கூட்டி வந்தபிறகு? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாகிவிட்டவர்களை ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். கட்டணம் கிடையாது. மானூரானாலும் களக்காடானாலும், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலையும் கையோடு கொண்டுபோங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கே மனம் விட்டுப்போனால் மனநல உதவி எண்ணான 14416க்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். வார்டில் குறை இருந்தால் முதலில் பொறுப்பு மருத்துவரிடமும், அங்கே தீராவிட்டால் அந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் கொடுக்கலாம். அதற்கு இலவச சட்ட உதவியும் உண்டு.