ஜூரி: சத்தியம் செய்து அமர்ந்தவர்கள்

1962இல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் கிரிகரி பெக் வாதாடும் நீண்ட காட்சியைக் கவனித்துப் பாருங்கள். அவர் மன்றாடுவது பெரும்பாலும் பக்கவாட்டில் வரிசையாக அமர்ந்திருக்கும் பன்னிரண்டு வெள்ளையர்களிடம். அவர்கள்தான் ஜூரி. கறுப்பரான டாம் ராபின்சன் குற்றவாளியா என்பதை முடிவு செய்யப்போகிறவர்கள், அந்த ஊர்ப்பக்கத்துச் சாதாரண ஆட்கள். அவர்களைத் தமிழில் 'நீதிபதிகள்' என்று எழுதிவிட்டால் காட்சியின் உயிரே போய்விடும்.

சொல்லின் வேர் லத்தீனின் 'யூராரே'. சத்தியம் செய்தல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக, நார்மானியர் கையால் ஆங்கிலச் சட்டத்துக்குள் வந்தது. இவர்கள் சொல்லும் முடிவுக்குப் பெயர் 'வெர்டிக்ட்'. அதன் பொருள் 'மெய்யாகச் சொன்னது'.

அந்த மெய் எப்படியெல்லாம் புரட்டப்பட்டது! 1955 செப்டம்பர், மிசிசிப்பி மாநிலத்தின் சம்னர் ஊர். எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்ற வழக்கு. அந்த மாவட்டத்தில் கறுப்பர்களே பெரும்பான்மை. ஆனால் வாக்காளராகப் பதிந்தவர்தான் ஜூரியில் அமரலாம். கறுப்பர்களைப் பதியவே விடவில்லை. பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் 67 நிமிடத்தில் கொலையாளிகளை விடுவித்தார்கள். குளிர்பானம் குடிக்க நிற்காமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்றார் அவர்களில் ஒருவர். படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஜூரிப் பட்டியலில் கறுப்பர்கள் இடம்பிடித்த பிறகும், காரணம் சொல்லாமலே ஒருவரை நீக்கும் உரிமையைக் கொண்டு அரசுத் தரப்பு அவர்களை வெளியேற்றிவந்தது. இன அடிப்படையில் அப்படி நீக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாட்சன் வழக்கில் சொன்னது 1986இல்தான். 2019இல் வந்த 'ஜஸ்ட் மெர்சி' படத்தில் வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் மரண தண்டனையிலிருந்து மீட்கப் போராடும் கறுப்பர் வால்டர் மெக்மிலியனுக்கு 1988இல் வாய்த்த ஜூரியிலும் கறுப்பர் ஒருவரே.

இந்தியாவில் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு குற்ற வழக்குகளில் ஜூரி முறை முற்றாக ஒழிந்தது. சொல்லும் நம்மிடம் மங்கிவிட்டது. இலங்கைத் தமிழில் 'ஜூரி சபை' இன்னும் வழக்கில் உண்டு, வலியோடு. கொழும்பில் 2006இல் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் வழக்கில், 2016இல் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது சிங்களம் பேசும் ஜூரி சபை.

தமிழில் எதைச் சொல்வது? மதுரைக்காஞ்சியின் 'அறங்கூறு அவையம்' அழகான சொல். 'செற்றமும் உவகையும் செய்யாது காத்து, ஞெமன்கோல் அன்ன செம்மைத்து' நிற்கும் அவை அது; அதாவது பகையோ உவப்போ காட்டாமல் துலாக்கோல் போல நேராக நிற்பது. ஆனால் அங்கே இருந்தவர்கள் கற்றறிந்த சான்றோர். ஜூரியில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். ஆகவே எனக்கு நாளிதழ்கள் எழுதும் 'நடுவர் குழு'வே பொருத்தம். பட்டிமன்ற நடுவரோடு குழம்பாமலிருக்க, முதல் முறை மட்டும் 'குடிமக்கள் நடுவர் குழு' என்று எழுதலாம். சம்னரைப் பற்றி எழுதும்போது 'வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு' என்று முழுதாக எழுதுங்கள். அந்த 'மட்டுமே'யை விட்டுவிடாதீர்கள்.