ஆயில் சீலை மாற்றும் முன் பிரீதரைப் பாருங்கள்

எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலை (சுழலும் கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) ஆறு மாதத்தில் இரண்டு முறை மாற்றியும் ஒழுகுகிறது என்று போன வாரம் ஒரு பழைய கார் வந்தது. இதே கதையோடு இந்த மாதம் வந்த மூன்றாவது கார். "ரெண்டு தடவையும் டூப்ளிகேட் சீல் போட்டுட்டாங்க" என்றார் வண்டிக்காரர். முதலில் எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாயான பிரீதர் ஹோஸைக் கழற்றினேன். உள்ளே கரும்பசை கட்டிப்போய், ஊதினால் காற்றே போகவில்லை.

ஒழுகினால் சீல் போச்சு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். ரிங் தேய்ந்த பழைய எஞ்சினில் இன்னும் அதிகம். அது வெளியே போக இருக்கும் வழிதான் பிரீதரும் பிசிவி வால்வும். அந்த வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, சீலின் மெல்லிய ரப்பர் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். புது சீலும் அதே கதிதான். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகாமல் சும்மா வைத்துப் பாருங்கள். புகையோடு துள்ளினால் சீலைத் தொடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். அந்த காருக்கு ஹோஸைச் சுத்தம் செய்து வால்வை மாற்றினோம். பழைய சீல் இருந்தபடியே ஒழுகல் நின்றுவிட்டது.

அப்புறம், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டுவதெல்லாம் பின் சீல் இல்லை. எஞ்சின் உச்சியில் இருக்கும் டேப்பட் கவரின் பேக்கிங்கில் கசிந்தாலும் எஞ்சின் முதுகு வழியாக வழிந்து அங்கேதான் சொட்டும். நன்றாகத் துடைத்து, கொஞ்சம் ஓட்டி, மேலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். கியர்பாக்ஸை இறக்கிய பிறகு தெரிந்து என்ன பயன்?

கெட்டியான ஆயில் ஊற்றினால் இறுகிய ரப்பர் இளகாது. லீக் நிறுத்தும் மருந்து ரப்பரைக் கொஞ்ச நாள் உப்ப வைக்கும், அவ்வளவுதான்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஷாஃப்டை நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய உதடு தேய்த்த பள்ளம் நகத்தில் தட்டினால், புது சீலை இடமிருந்தால் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வையுங்கள், இல்லையென்றால் பள்ளத்தை மூடும் மெல்லிய உலோக ஸ்லீவ் போடுங்கள். சீலின் ஸ்பிரிங் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். ரப்பர் உதட்டுக்கு ஆயில் தடவுங்கள். டெஃப்லான் உதடு என்றால் பெரும்பாலும் காய்ந்தபடியே போட வேண்டும். ஸ்குரூடிரைவரால் நெம்பி ஷாஃப்டைக் கீறாதீர்கள்.

டைமிங் பெல்ட் மாற்றும்போது கேம் சீலையும் முன் கிராங்க் சீலையும் தயவுசெய்து சேர்த்து மாற்றிவிடுங்கள். அந்த சீல்கள் கசிந்தால் ஆயில் பெல்ட்டில் படும். ஆயிலில் ஊறிய பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். எக்ஸாஸ்ட்டில் ஆயில் சொட்டிக் கருகும் வாடை வந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அது தீப்பிடிக்கலாம்.