ரேடோம்: விமான மூக்கின் பெயரும் அதற்கான தமிழும்

விமானத்தில் வானிலை ரேடார் பொருத்துவதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஆண்டெனா, கட்டுப்பாட்டுப் பலகை, திரை எல்லாம் எப்படியோ ஓடிவிடும், ரேடோம் என்ற சொல் வரும்போதுதான் பேனா நிற்கும். விமானத்தின் முன்நுனியில் கூம்பாக முடிகிறதே, அந்த மூக்குப் பகுதிதான் ரேடோம். அதற்குள் ரேடாரின் ஆண்டெனா இடமும் வலமும் திரும்பித் திரும்பி முன்னால் மழை இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருக்கும்.

பிரித்தால் ரேடார், டோம் என்று இரண்டு துண்டு. ரேடார் என்பதே ஒரு சுருக்கம்: ரேடியோ டிடெக்ஷன் அண்ட் ரேஞ்சிங், அதாவது ரேடியோ அலையால் ஒன்றைக் கண்டுபிடித்து அதன் தூரத்தையும் அளப்பது. 1940-ல் அமெரிக்கக் கடற்படை கொண்டுவந்த பெயர் இது. பிரிட்டன்காரர்கள் அப்போது ஆர்டிஎஃப் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், 1943-ல் அவர்களும் ரேடாருக்கு மாறிவிட்டார்கள். டோம் என்பதன் வேர் லத்தீனில் வீட்டைக் குறிக்கும் டோமுஸ். இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்து வட்டக் கூரை என்ற பொருளில் நிலைத்தது. டோமுக்கு நாம் சொல்லும் குவிமாடத்திலும் வீட்டைக் குறிக்கும் ஒரு மாடம் இருக்கிறது.

அப்படியானால் ரேடார் குவிமாடம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே? எனக்கு அது ஒப்பவில்லை. 1943-ல் பிரிட்டனின் ஹாலிஃபாக்ஸ், ஸ்டர்லிங் குண்டுவீச்சு விமானங்களின் வயிற்றில் எச்2எஸ் ரேடாருக்காகப் புடைப்பாக ஒரு மூடி வைத்தார்களே, அதற்கு அந்தப் பெயர் பொருந்தியிருக்கும். இன்றைய பயணிகள் விமானத்தில் அது கூர்மூக்கு. மூக்கில் சுழலி இருக்கும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஆண்டெனாவை வைக்க மூக்கில் இடமே கிடையாது, அதனால் இறக்கையில் ஒரு சின்ன உருளை மாதிரிக் கட்டி அதற்குள் வைப்பார்கள், அதன் முன்முனையும் ரேடோம்தான். வடிவம் இடத்துக்கு இடம் மாறும், மாறாதது வேலை மட்டும்: காற்றையும் மழையையும் வெளியே நிறுத்த வேண்டும், அலையை மட்டும் தடுக்கவே கூடாது.

இந்த இரண்டாவது பாதியை மறந்தால்தான் பொருத்தும் இடத்தில் சிக்கல் வரும். பெரும்பாலான விமான வானிலை ரேடார்கள் 9.3 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குபவை, அலைநீளம் சுமார் 3.2 செ.மீ. அந்த அலை தடையில்லாமல் கடக்கும்படி ரேடோம் சுவரின் தடிமனைக் கணக்கிட்டுச் செய்கிறார்கள். கண்ணாடி இழையாலான இரண்டு மெல்லிய தோல்கள், நடுவே தேன்கூடு போன்ற உள்ளீடு. கார்பன் இழை வலுவானது, எடையும் குறைவு, ஆனால் அது மின்கடத்தி, அலையைத் திருப்பிவிடும், ஆகவே இங்கே ஆகாது. உலோகத்தூள் கலந்த பெயிண்டும் அப்படித்தான். சாதாரண பெயிண்டே அடுக்கடுக்காக ஏறிக்கொண்டு போனால் கணக்கிட்ட தடிமன் கெட்டுவிடும். எங்காவது விரிசல் வழியாக ஈரம் தேன்கூட்டுக்குள் போய்விட்டால் இரட்டைத் தொல்லை: தண்ணீர் அலையை உறிஞ்சும், உயரத்தில் உறைந்து விரிந்து தோலையும் பிரித்துவிடும். இத்தனைக்கும் மின்னல் தாக்கினால் அதை விமான உடலுக்குக் கடத்திவிட வெளிப்புறத்தில் உலோகப் பட்டைகள் ஒட்டித்தான் ஆக வேண்டும், அவற்றை அலைக்குக் குறுக்கே அதிகம் வராதபடி முன்னிருந்து பின்னாக ஓட விடுவார்கள்.

அலை போகும்போது ஒரு தடவை, மழைத்துளியில் பட்டுத் திரும்பும்போது இன்னொரு தடவை இதே சுவரைக் கடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 90 சதவீதம் கடந்தால் மிஞ்சுவது 81. 70 சதவீதம்தான் கடக்கிறது என்றால் 49, பாதிகூட இல்லை. விமானிக்கு முன்னால் இருக்கும் மழை திரையில் மங்கலாகத் தெரியும், கனமழையென்று சிவப்பாக வர வேண்டியது மஞ்சளாக வரும், அவரும் நம்பிப் போவார். விமானக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஆர்டிசிஏ ரேடோமுக்காக வெளியிட்ட டிஓ-213 தரவரையறையும் வடிவத்தை வைத்துத் தரம் பிரிக்கவில்லை, அலையை எவ்வளவு கடத்துகிறது என்பதை வைத்துத்தான் வகுப்புகளாகப் பிரிக்கிறது.

அதனால் தமிழ்ப் பெயரிலும் அந்த வேலை தெரிய வேண்டும் என்பது என் கட்சி. கவசம் என்றால் தடுப்பது, நேர் எதிர்ப்பொருள். உறை பரவாயில்லை, ஆனால் துணி உறை மாதிரி நினைக்கத் தோன்றும், இது கட்டமைப்பின் ஒரு பகுதி. அலைவிடு கூடு என்று யோசித்தால் கூடே அலையை அனுப்புவதாக அர்த்தம் வந்துவிடும். பள்ளி அறிவியலில் ஒளிபுகும் பொருள், ஒளிபுகாப் பொருள் என்று படித்தோமே, அதே வழியில் அலைபுகு கூடு என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. புதுச்சொல்தான், ஆனால் கேட்டவுடன் பாதி விளங்கிவிடும். ரேடாருக்குக் கதுவீ என்று ஏற்கெனவே ஒரு தமிழ்ச்சொல் இருக்கிறது, பற்றிக்கொள்வது என்ற பொருளுள்ள கதுவுதலிலிருந்து வந்தது. அதைப் பழகியவர்கள் கதுவீக் கூடு என்றும் சொல்லலாம், சுருக்கமாக இருக்கும், ஆனால் அலை புகும் விஷயம் அதில் விட்டுப்போகும்.

பேச்சில் ரேடோம் இருந்துவிட்டுப் போகட்டும், பராமரிப்புக் கூடத்தில் திருப்புளியோடு நிற்பவரிடம் போய் அலைபுகு கூட்டைக் கழற்றுங்கள் என்றால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். பாடநூலோ கையேடோ எழுதினால் முதல் இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு அப்புறம் தமிழிலேயே போகலாம். தரையில் நிற்கும் வானிலை ரேடார்களின் மேல் வெள்ளை உருண்டை இருக்குமே, அதை மட்டும் ரேடார் குவிமாடம் என்று யாராவது எழுதினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.