நாற்பத்தெட்டா, நாற்பத்தாறா?

மனித உயிரணுவில் எத்தனை குரோமோசோம் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும் 46 என்று பதில் வந்துவிடும். இதே கேள்வியை 1950-இல் பெரிய மரபியல் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டிருந்தால், கொஞ்சமும் தயங்காமல் 48 என்றிருப்பார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடப்புத்தகங்களில் இருந்தது அந்த எண்தான். எண்ணினால் தெரிந்துவிடக்கூடிய விஷயம் அவ்வளவு காலம் எப்படித் தப்பாகவே இருந்தது?

48 என்று நிலைநாட்டியவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தியோஃபிலஸ் பெயின்டர். அந்த மாநிலத்தின் மனநலக் காப்பகம் ஒன்றில் விரை அகற்றப்பட்ட ஆண்களின் திசுதான் அவருக்குக் கிடைத்தது. (அந்த மனிதர்களிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா என்று நினைத்தால் மனம் கனக்கிறது.) திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் அன்றைய முறை. குரோமோசோம்கள் ஒரு கைப்பிடி நூல்துண்டுகளைக் கசக்கிப் போட்ட மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். கத்தி உயிரணுவுக்குக் குறுக்கே போயிருந்தால் சில துண்டுகள் அடுத்த சீவலோடு போயிருக்கும். இரண்டா, வளைந்த ஒன்றா என்று ஒவ்வொன்றிலும் பார்ப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

1921-இல் பெயின்டர் எழுதிய முதல் குறிப்பில், எண்ணிக்கை 45-இலிருந்து 48 வரை வருகிறது என்றும், மிகத் தெளிவாகத் தெரிந்த உயிரணுக்களில் 46-தான் இருந்தது என்றும் நேர்மையாகவே சொல்லியிருந்தார். சரியான விடை அவர் கையிலேயே இருந்திருக்கிறது. ஆனால் 1923-இல் 48 என்று முடிவு செய்தார். திறமையான ஆய்வாளர், கவனமாகப் படம் வரைபவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உலகம் எடுத்துக்கொண்டது.

அப்படி எடுத்துக்கொண்டதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஒளியின் வேகத்தை நானே அளந்துவிட்டுத்தான் தொலைநோக்கியைத் தொடுவேன் என்று ஒவ்வொரு வானியலாளரும் கிளம்பினால் வானியலே நடக்காது. தன் வேலைக்கு வேண்டிய எண்களில் ஒன்றிரண்டைத் தவிர மற்றதையெல்லாம் எந்த விஞ்ஞானியும் அடுத்தவர் சொல்லை நம்பித்தான் வாங்கிக்கொள்கிறார். சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. நம்பி வாங்கிய எண், நம் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதையும் தீர்மானிக்க ஆரம்பித்துவிடுகிறது.

இதை நான் பள்ளி ஆய்வகத்திலேயே செய்திருக்கிறேன். ஊசலை ஆடவிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு 9.1 வந்தபோது நூலின் நீளத்தை மறுபடி அளந்தேன், அலைவுகளைத் திரும்ப எண்ணினேன், கூட்டல் கழித்தலைச் சரிபார்த்தேன். 9.8-க்குப் பக்கத்தில் வந்ததும் ரெக்கார்டு நோட்டை மூடிவிட்டேன். வந்த விடையில் தப்பு இருக்குமோ என்று தேடவே இல்லை. எதிர்பார்த்தது வராதபோது மட்டும் பிழையைத் தேடுவதும், வந்தவுடன் தேடலை நிறுத்துவதும் பொய்யே சொல்லாமல் ஒருவரைத் தவறான எண்ணில் கொண்டுபோய் நிறுத்தப் போதும்.

டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் டி. சி. சூ என்ற உயிரணு ஆய்வாளருக்கு நடந்ததைப் பாருங்கள். அவருடைய ஆய்வகத்தில் யாரோ ஒருவர் உப்புக் கரைசலை அளவு தவறி நீர்த்துக் கலந்துவிட்டார். நீர்த்த கரைசலில் உயிரணுக்குள் தண்ணீர் புகுந்து அது ஊதும். உள்ளே நெருக்கிக் கிடந்த குரோமோசோம்கள் விலகிப் பரவும். அதுவரை யாரும் பார்க்காத அளவுக்குத் தெளிவான ஸ்லைடுகள் சூ கையில் இருந்தன. ஆனாலும் 1952-இல் அவர் எழுதியது 48 என்றே. பின்னாளில் இந்தத் தவறை அவரே ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டார்.

சுவீடனில் நடந்தது இன்னும் உறுத்துகிறது. மனிதக் கருவின் கல்லீரல் உயிரணுக்களை ஆராய்ந்த மூவர், ஸ்லைடுக்கு ஸ்லைடு 46-ஐயே எண்ணினார்கள். 48-உம் கிடைக்கவில்லையே, நம் முறையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து வேலையைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் லுண்ட் நகரத்துக்கு ஜோ ஹின் ட்ஜியோ வந்தார். ஜாவாவில் பிறந்தவர், தாவர உயிரணுக்களில் பழகிய கை. ஆல்பர்ட் லெவானின் ஆய்வகத்தில் கருவின் நுரையீரல் உயிரணுக்களை வளர்த்து, அவற்றில் கோல்ச்சிசின் சேர்த்தார். திண்டுக்கல், கரூர் பக்கம் விதைக்காகக் கண்வலிக் கிழங்கு பயிரிடுகிறார்களே, நம் செங்காந்தள், அதில் இருக்கும் அதே நஞ்சு. உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் இழைகளை அது உருவாகவிடாது. அதனால் குரோமோசோம்கள் தடித்து நன்றாகத் தெரியும் கட்டத்திலேயே உயிரணு நின்றுவிடும். அப்புறம் சூ கண்ட நீர்த்த கரைசல். கடைசியாகக் கண்ணாடி மூடியை வைத்து அழுத்தினால் எல்லாம் ஒரே தளத்தில் பரவிப் படிந்துவிடும். சீவலும் இல்லை, கத்தியும் இல்லை.

1955 டிசம்பர் 22, அதிகாலை 2 மணி வாக்கில் ட்ஜியோ எண்ணினார். 46. அடுத்ததிலும் 46. இருநூற்றுக்கும் மேற்பட்ட உயிரணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே எண். 1956-இல் வெளியான கட்டுரையில் அவர்கள் ஆரவாரம் செய்யவில்லை. மனித எண்ணிக்கை 46 என்று பொதுவிதியாகச் சொல்ல விரும்பவில்லை, ஆனால் அப்படி நினைக்காமல் இருப்பதும் கடினம் என்ற தொனியில் எழுதினார்கள். முந்தைய மூவரும் கைவிட்ட வேலையைப் பற்றி நமக்குத் தெரிவதே இந்தக் கட்டுரையால்தான். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஃபோர்டும் ஹாமர்டனும் விரைத் திசுவில் 23 ஜோடிகளைக் கண்டார்கள். முப்பது ஆண்டுக் கணக்கு சில மாதங்களில் மாறிப்போனது.

இரண்டு குரோமோசோம் கூடக் குறைய இருந்தால் என்ன என்று தோன்றலாம். 1959-இல் பாரிசில் மார்த் கோத்தியே வளர்த்த உயிரணுக்களைக் கொண்டு, டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு 47 குரோமோசோம்கள் இருப்பதாக ஜெரோம் லெஜூன் குழுவினர் அறிவித்தார்கள். 48 என்றே நம்பிக்கொண்டிருந்தால் அது ஒன்று குறைவாகப் பட்டிருக்கும். ஒன்று அதிகம் என்பது விளங்கியே இருக்காது.

தைரியமாகச் சந்தேகப்படு என்று அறிவுரை சொல்வதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. சுவீடனின் அந்த மூவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்தது. அது தங்கள்மீதே திரும்பிவிட்டது. இதற்கு இயற்பியலாளர்கள் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. சிகாகோ அருகே ஃபெர்மி ஆய்வகத்தில் மியூவான் என்ற துகளின் காந்தப் பண்பை அளந்த குழு, தன் கடிகாரத்தையே தன்னிடமிருந்து மறைத்துக்கொண்டது. நொடிக்கு ஏறக்குறைய 4 கோடி முறை துடிக்கும் கடிகாரம் அது; அதன் சரியான வேகம் தெரியாமல் இறுதி விடையைக் கணக்கிட முடியாது. குழுவில் சேராத இருவர் அந்த வேகத்தைச் சற்றே மாற்றிப் பூட்டி, உண்மையான எண்ணை உறையில் வைத்து ஒட்டிவிட்டார்கள். பழைய அளவீட்டோடு ஒத்துப்போகிறோமா, கோட்பாட்டோடு ஒத்துப்போகிறோமா என்று குழுவில் யாருக்கும் தெரியாது. எந்த எண் வந்ததும் நோட்டை மூடலாம் என்பதும் தெரியாது. ஆகவே எல்லாப் பிழைகளையும் ஒரே கண்டிப்போடு தேட வேண்டியதாயிற்று. இனித் தேட ஒன்றுமில்லை என்று குழுவினர் வாக்களித்த பிறகு, 2021 பிப்ரவரியில் இணையவழிக் கூட்டம் ஒன்றில் உறையைப் பிரித்தார்கள்.