செம்புத் துகள்களை ஒட்டவிடாமல் வைப்பது எப்படி?

மெத்தனால் உலைக்குள் கொட்டும் வினையூக்கி, பார்ப்பதற்குச் சில மில்லிமீட்டர் அளவுள்ள கறுப்பு மாத்திரை. உலைக்குள் ஹைட்ரஜன் பட்டதும் அதிலுள்ள காப்பர் ஆக்சைடு, ஏறக்குறைய 10 நானோமீட்டர் அளவுள்ள செம்புத் துகள்களாக மாறுகிறது. வேலை முழுவதும் அந்தத் துகள்களின் மேற்பரப்பில்தான் நடக்கிறது. எனவே துகள் எவ்வளவு பொடியோ, அவ்வளவு மெத்தனால்.

மூலப்பொருளான தொகுப்பு வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் இருக்கும். 1923-ல் ஜெர்மனியின் லாய்னாவில் இதிலிருந்து மெத்தனால் எடுக்கத் தொடங்கியபோது துத்தநாக–குரோமியம் ஆக்சைடுதான் வினையூக்கி. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடும், 200 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் அழுத்தமும் தேவைப்பட்டன. செம்பு இதைவிடச் சுறுசுறுப்பானது. ஆனால் வாயுவில் கந்தகம் கொஞ்சம் இருந்தாலும் செயலிழந்துவிடும். வாயுவை நன்றாகச் சுத்திகரிக்க முடிந்த பிறகே, 1966-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மூன்றையும் சேர்த்த வினையூக்கியுடன் ஆலையை ஓட்டியது. அழுத்தம் 50 முதல் 100 பார், சூடு 200 முதல் 300 டிகிரி. இன்றும் அதே மூன்று பொருள்கள்தான்.

பிறகு எதை மேம்படுத்துவது? செம்பு 1085 டிகிரியில் உருகும். ஆனால் அதன் மேற்பரப்பு அணுக்கள் 150 டிகிரிக்கு முன்பே நகரத் தொடங்கிவிடும். உலையோ 250 டிகிரியில் ஓடுகிறது. நகரும் அணுக்களால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருக்கின்றன, மேற்பரப்பு சுருங்குகிறது. துத்தநாக ஆக்சைடு இடையில் நின்று அவற்றைப் பிரித்து வைக்கிறது. அதோடு நிற்காமல், துத்தநாகம் செம்பின் மேலேயே ஏறி, அதன் படிக விளிம்புகளில் வினை நடக்கும் இடங்களையும் உண்டாக்குகிறது.

செம்புக்கும் துத்தநாகத்துக்குமான இந்த நெருக்கம் எங்கே அமைகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செம்பு, துத்தநாக நைட்ரேட் கரைசலையும் சோடியம் கார்பனேட் கரைசலையும் வெதுவெதுப்பான நீரில் ஒன்றாகச் சொட்டவிடுவார்கள். முதலில் நீல நிறத்தில் கூழ் படியும். அதை அப்படியே கலக்கிக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் சட்டென்று பச்சையாகிவிடும், செம்பில் ஏறும் களிம்பைப் போல. அந்தப் பச்சைதான் துத்தநாகம் கலந்த மாலக்கைட் என்ற செம்புக் கார்பனேட் கனிமம். அதன் படிகத்தில் செம்பு அணுக்களுக்கு நடுவே துத்தநாக அணுக்கள் இடம்பிடித்திருக்கும். அதைச் சூளையில் சுட்டு ஆக்சைடாக்கித்தான் கறுப்பு மாத்திரை செய்கிறார்கள். அவசரப்பட்டு முன்பே வடிகட்டினாலும், சோடியத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டாலும், அந்தக் குறை கடைசி மாத்திரை வரை தொடரும். ஈரக்கூழில் வாய்க்காத நெருக்கத்தைப் பின்னால் எந்தச் சூளையிலும் கொண்டுவர முடியாது.

இன்னொரு வியப்பு: மெத்தனாலின் கார்பன் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடிலிருந்து வருவதில்லை, கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. கார்பன் அணுக்களுக்கு அடையாளமிட்டுச் செய்த சோதனைகள் இதைக் காட்டின. ஆலைகள் கார்பன் டை ஆக்சைடையே முதன்மை மூலப்பொருளாக்க விரும்பும் இக்காலத்தில் இது நல்ல செய்தி. ஆனால் அந்த வினையில் ஒவ்வொரு மெத்தனால் மூலக்கூறுக்கும் ஒரு நீர் மூலக்கூறும் பிறக்கிறது. நீராவி செம்புத் துகள்களை இன்னும் வேகமாக ஒட்ட வைக்கும். அதனால்தான் அலுமினாவின் அளவை மாற்றிப் பார்க்கிறார்கள், மெக்னீசியம் சேர்க்கிறார்கள், நீரை அவ்வளவாகப் பிடித்து வைக்காத சிர்கோனியாவை (சிர்கோனியம் ஆக்சைடு) செம்புத் துகள்களைத் தாங்கும் பொருளாக வைத்துப் பார்க்கிறார்கள்.

புதுக் கலவை ஒன்றைப் பற்றிப் படித்தால் நான் முதல் நாள் வேகத்தைப் பார்ப்பதில்லை. சில நூறு மணி நேரம் ஓடிய பிறகு எவ்வளவு மிஞ்சியது என்றுதான் தேடுவேன். வேகம் குறையக் குறைய ஆலையில் சூட்டைச் சில டிகிரி ஏற்றி ஈடுகட்டுகிறார்கள். அந்தக் கூடுதல் சூட்டில் செம்பு இன்னும் சீக்கிரம் ஒட்டுகிறது. சில ஆண்டுகள் இப்படி ஓட்டியபின், மாத்திரைகளை மொத்தமாக வெளியே எடுத்துவிட்டுப் புதியவற்றைக் கொட்டுவார்கள்.