ட்ரோப் – கதைவழக்கு: ஒரு சொல் விளக்கம்

திரைப்பட ரசிகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் விமரிசனங்களில் ‘ட்ரோப்’ என்னும் சொல் இப்போது அடிக்கடி தென்படுகிறது. தலையில் அடிபட்ட நாயகிக்கு நினைவு தப்பினால் அது ஒரு ட்ரோப். நாயகனின் நண்பன் இடைவேளைக்குச் சற்று முன் இறந்தால் அதுவும் ஒரு ட்ரோப். பல படங்களில் திரும்பத் திரும்ப வந்து, பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று தெரியும் அளவுக்குப் பழகிவிட்ட ஒரு கதைத் திருப்பமோ, பாத்திர வகையோ, காட்சிக் குறிப்போ இச்சொல்லால் குறிக்கப்படுகிறது. பழக்கம் மட்டும் அதற்குப் போதாது. படம் எடுப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே சொல்லாமலே ஏற்பட்ட ஓர் உடன்பாடும் அதில் இருக்க வேண்டும். காவல்துறை வாகனங்கள் சண்டை முடிந்த பிறகே வந்து சேரும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆயினும் அது நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும் என்பது இயக்குநருக்கும் தெரியும்.

இதே இடத்தில் ‘ஃபார்முலா’, ‘டெம்ப்ளேட்’, ‘கிளிஷே’ என்ற சொற்களையும் நம்மவர்கள் புழங்குகிறார்கள். ஆனால் ஃபார்முலா என்பது பாட்டு, சண்டை, நகைச்சுவை எல்லாம் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்னும் முழுப் படத்தின் கணக்கு. டெம்ப்ளேட் என்பதும் முழுப் படத்தின் அச்சுதான். கிளிஷே என்பது ஒரு தீர்ப்பு. அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள் என்ற சலிப்பு அதற்குள் அடங்கியிருக்கிறது. ட்ரோப் இம்மூன்றில் எதுவும் அன்று. அது கதையின் ஒரு தனி உறுப்புக்கு இடப்பட்ட பெயர். நல்லது, கெட்டது என்ற மதிப்பீடு அப்பெயரில் இல்லை. இந்த வேறுபாட்டைக் காக்கும் தமிழ்ச் சொல் எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘திருப்புதல்’ என்னும் பொருளுடைய ‘திரெபெயின்’ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் ‘திரோபோஸ்’. அதற்குத் திருப்பம் என்பது முதற்பொருள். போக்கு, முறை, ஒருவரது இயல்பு என்பவை கிளைப்பொருள்கள். இந்தக் கிளைப்பொருள்களைப் பின்னர் எடுத்துக்கொள்வோம். இதே வேர் வேறு பல சொற்களிலும் ஒளிந்திருக்கிறது. சூரியன் வடக்கே ஏறிச் சென்று மீண்டும் தெற்கு நோக்கித் திரும்பும் எல்லையாகிய கடகரேகையைக் குறிக்கும் ‘டிராபிக்’ என்ற ஆங்கிலச் சொல் இதன் வழி வந்ததே. பகைவர் புறங்காட்டித் திரும்பிய இடத்தில் கிரேக்கர்கள் நட்டுவைத்த வெற்றிச் சின்னத்தின் பெயர்தான் இன்று நம் பள்ளி மாணவர்கள் வாங்கும் ‘டிராஃபி’யாக நிற்கிறது.

திருப்பம் என்ற சொல் பேச்சுக் கலைக்குள் நுழைந்தபோது, ஒரு சொல்லை அதன் நேர்ப்பொருளிலிருந்து வேறொரு பொருளுக்குத் திருப்புவதைக் குறித்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம நாட்டில் சொற்கலை கற்பித்த குயின்டிலியன் தம் நூலின் எட்டாம் பகுதியில் இதற்கு இலக்கணம் கூறியிருக்கிறார்: ஒரு சொல்லையோ தொடரையோ அதற்குரிய பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்கு அழகுபட மாற்றுவதே அது. உருவகமும் ஆகுபெயரும் அதற்குள் அடங்கும். ‘ஊர் சிரித்தது’ என்னும்போது ஊர் என்ற சொல் ஊராரை நோக்கித் திரும்பிவிடுகிறது அல்லவா, அந்தத் திரும்பலே பழைய திரோபோஸ். இலத்தீன் வழியாக இச்சொல் 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்குச் சென்று, நெடுங்காலம் இலக்கணக்காரர்களின் கலைச்சொல்லாகவே இருந்தது.

சொல்லணியின் பெயர் கதை அமைப்பின் பெயராக மாறியது எப்படி என்று பலர் கேட்பதுண்டு. என் பாட்டியுடன் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த ஓர் இரவில் இதற்கான விடை எனக்குத் தெரியாமலே கிடைத்திருக்கிறது. திரையில் நோயாளி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். கேமரா மெல்ல நகர்ந்து மாடத்தில் எரியும் அகல் விளக்கிடம் செல்கிறது. சுடர் இன்னும் அணையவில்லை. அதற்குள் பாட்டி, ‘விளக்கக் காட்டிட்டான், அவ்வளவுதான், போயிட்டாரு’ என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். ஆனால் அந்தச் சுடர் ஓர் உயிரின் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டார். முத்தத்தை நேராகக் காட்டத் தயங்கிய காலத்துப் படங்களில் இரண்டு பூக்கள் உரசிக்கொண்டதும் இவ்வகையே. ஒரு பொருள் மற்றொன்றைக் குறிக்கிறது. ஆகவே குயின்டிலியன் கூறிய இலக்கணப்படியே அது அணிதான். ஆனால் நூறு படங்களில் வந்துவிட்டபின் அது ஒரு கவிஞனின் அணியாக நிற்பதில்லை, எல்லாருக்கும் பொதுவான வழக்கமாகிவிடுகிறது. ஒருவருடைய திருப்பம் ஊர் அறிந்த பாதையாகும் இந்த இடத்தில்தான், பழைய பொருளும் புதிய பொருளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.

இத்தகைய வழக்கங்களைத் தொகுக்கும் ஆசை இணையத்துடன் பிறந்ததன்று. பிரான்சின் ஷோர்ஷ் போல்டி 1895-இல் நாடகச் சூழல்கள் மொத்தம் 36 என்று வகுத்து நூல் வெளியிட்டார். பின்லாந்தின் ஆன்ட்டி ஆர்னே 1910-இல் நாட்டுப்புறக் கதைகளுக்கு எண்ணிட்டு அடைவு செய்தார். அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் அதை விரிவாக்கினார். ரஷ்யாவின் விளாதிமிர் ப்ராப் 1928-இல் மாயக்கதைகளை ஆராய்ந்து, அவை யாவும் 31 செயற்கூறுகளின் வரிசையால் ஆனவை என்று காட்டினார். இவர்கள் அறிஞர்கள். ரசிகர்களின் தொகுப்பு இவற்றிலிருந்து வேறுபடுவது அதன் உல்லாசத்தில். அமெரிக்கத் திரை விமரிசகர் ரோஜர் ஈபர்ட், வாசகர்கள் அனுப்பிய பதிவுகளையும் சேர்த்து 1994-இல் ஒரு திரைச் சிற்றகராதியை நூலாக வெளியிட்டார். துரத்தல் காட்சி வந்தால் ஒரு பழவண்டி கவிழ்ந்தே தீரும் என்பது அதில் புகழ்பெற்ற பதிவு. நம் படங்களில் அது தக்காளிக் கூடையும் மண்பானைக் கடையுமாக உடைகிறது, மற்றபடி வேறுபாடில்லை. பின்னர் 2004-இல் ‘டிவி ட்ரோப்ஸ்’ என்ற தொகுப்புத் தளம் தொடங்கியது. தொலைக்காட்சித் தொடர்களில் ஆரம்பித்ததால் பெயரில் ‘டிவி’ ஒட்டிக்கொண்டது. விரைவிலேயே அது திரைப்படம், நாவல், காமிக்ஸ், விளையாட்டு என எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ட்ரோப் என்ற சொல் வகுப்பறையை விட்டு ரசிகர்களின் நாவுக்கு வந்ததில் இத்தளத்திற்குப் பெரும் பங்கு உண்டு. ட்ரோப் வேறு, கிளிஷே வேறு என்று அது தொடக்கம் முதல் வற்புறுத்தி வந்திருப்பதையும் குறிப்பிட வேண்டும்.

கிளிஷேயின் பிறப்பிடம் அச்சுக்கூடம். எழுத்துகளைத் தனித்தனியே கோக்காமல் ஒரு பக்கத்தை முழுத் தகடாக வார்த்துத் திரும்பத் திரும்ப அச்சடிக்கும் முறைக்குப் பிரெஞ்சு அச்சுத் தொழிலாளர்கள் வைத்த பெயர் அது. வார்ப்புத் தகட்டில் சொல்லை மாற்ற முடியாது; எத்தனை படி எடுத்தாலும் ஒரே முகம்தான். தமிழ் இலக்கிய விமரிசனத்தில் இதற்குத் ‘தேய்வழக்கு’ என்ற சொல் நிலைத்திருக்கிறது. மிகச் சிறந்த ஆக்கம் என்று அதைச் சொல்வேன். வழங்கி வழங்கித் தேய்ந்துபோனது என்ற பொருள் அதில் பளிச்சென்று தெரிகிறது.

இனி, ட்ரோப்புக்கு உரிய தமிழ். ‘அணி’ என்றோ ‘உருவகம்’ என்றோ பெயர்த்தால் அது பழைய இலக்கணப் பொருளுக்கு மட்டுமே பொருந்தும். பிரிந்த சகோதரர்கள் குடும்பப் பாட்டால் ஒன்றுசேர்வதை உருவகம் என்று சொல்ல இயலாது. ‘உத்தி’ என்பதைச் சிலர் எழுதுகிறார்கள். உத்தி என்பது ஒருவர் வேண்டுமென்று தேர்ந்து கையாளும் முறை. பின்னோக்கிக் கதை சொல்வது உத்தி, ஒரே ஷாட்டில் காட்சியை எடுப்பதும் உத்தி. ட்ரோப்போ எடுப்பவர் எண்ணாமலும் வந்து விழுவது. தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நாயகியை எழுதிய வசனகர்த்தா அதை ஓர் உத்தியாக எண்ணியிருக்க மாட்டார்.

என் மனம் முதலில் சென்ற சொல் ‘துறை’. ஒரு திணைக்குள் வரும் குறிப்பிட்ட கதைச் சூழலுக்குத் தமிழ் மரபு வைத்த பெயர் அது. மடலேறுதல் (காதல் கைகூடாத தலைவன் பனைமடல் குதிரையில் ஏறுதல்), இற்செறிப்பு (தலைவியை வீட்டுக்குள் அடைத்துவைத்தல்), வெறியாடல் (அவளது காதல் நோயைத் தெய்வக் குற்றமென எண்ணி வேலன் ஆடுதல்), உடன்போக்கு (தலைவனுடன் புறப்பட்டுச் செல்லுதல்), அறத்தொடு நிற்றல் (காதலைப் பெற்றோருக்கு வெளிப்படுத்தல்) ஆகியவை எல்லாம் எந்தப் புலவனுக்கும் சொந்தமல்லாத, எல்லாப் புலவர்க்கும் பொதுவான காட்சிகள். குறுந்தொகையில் ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்னும் பாட்டின் அடியில், தலைவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் குறிப்பு வேறுபாட்டைக் கண்டு அவன் கூறியது என்ற கருத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. பாட்டைப் படித்து, இது இன்ன சூழல் என்று அடையாளம் கண்டு, பெயர் சூட்டிப் பக்கத்தில் எழுதிவைத்த அந்தக் கையும், இன்று ஒரு காட்சியைப் பார்த்து இது இன்ன ட்ரோப் என்று குறித்துவைக்கும் ரசிகனின் கையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

தொல்காப்பியர் வெட்சித் திணைக்கு வகுக்கும் 14 துறைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஆநிரை கவரப் புறப்படும் படையின் அரவம், பாக்கத்தில் நற்சொல் கேட்டு நிற்கும் விரிச்சி, பகைவர் அறியாமல் செல்லும் செலவு, ஒற்றர் கொண்டுவரும் வேய், பின்பு சூழ்தல், தாக்குதல், ஆநிரையைக் கொள்ளுதல், துரத்தி வந்தவர்களை மறித்தல், மாடுகளுக்கு வருத்தம் நேராமல் ஓட்டி வருதல், ஊரில் கொண்டுவந்து நிறுத்துதல், கடைசியில் பாதீடு (பங்கு பிரித்தல்), உண்டாட்டு (உண்டு குடித்துக் களித்தல்), கொடை. திட்டம் போட்டு வங்கியைக் கொள்ளையடிக்கும் எந்தப் படத்தின் கதை ஓட்டமும் இதுதான். பங்கு பிரிக்கும் காட்சி வரை ஒன்றும் விடுபடவில்லை. இவ்வளவு பொருத்தமிருந்தும் ‘துறை’யை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். ‘திரைத்துறை’ என்றால் இன்று படத்தொழில் என்றே பொருள். ‘திரைத்துறையில் இது பழைய துறை’ என்று எழுதினால் படிப்பவர் திகைத்து நிற்பார்.

ஆகவே ‘வழக்கு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். வழங்குவது வழக்கு, மக்களிடையே நடமாடிப் பழகியது. அகத்திணையியலில் தொல்காப்பியர், ‘நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்’ என்கிறார். உலகில் நடப்பது ஒன்று, கதைக்கென்று அமைந்த வழக்கம் மற்றொன்று. இரண்டும் கலந்ததே பாட்டு நெறி. நாடக வழக்கு என்றால் என்ன என்பதற்கு உரையாசிரியர் இளம்பூரணர் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. சுவையானவற்றையெல்லாம் ஓரிடத்தில் வந்தனவாகத் தொகுத்துச் சொல்வது அது என்று கூறிவிட்டு, செல்வத்தாலும் குலத்தாலும் ஒழுக்கத்தாலும் அன்பாலும் ஒத்த இருவர் தம் சுற்றத்தாரை விட்டு நீங்கித் தனியிடத்தில் எதிர்ப்பட்டார்கள் என்பதை எடுத்துக்காட்டாகத் தருகிறார். நாயகனும் நாயகியும் முதன்முதலாக மோதிக்கொண்டு, புத்தகங்கள் சிதறி, இருவரும் ஒன்றாகக் குனியும் கல்லூரிக் காட்சியை அவர் பார்த்திருந்தால் தம் உரையில் சேர்த்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன். அத்துடன், கிரேக்கத் திரோபோஸுக்கு இருந்த போக்கு, முறை என்ற கிளைப்பொருள்களும் வழக்கு என்பதில் அப்படியே அமைகின்றன.

‘நாடக வழக்கு’ என்றே வைத்துக்கொள்ளலாமே எனில், நாடகம் என்ற சொல் இன்று மேடைக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் ஒதுங்கிவிட்டது. நாவலுக்கும் படத்திற்கும் பொதுவாக நிற்க ‘கதைவழக்கு’ என்பதே ஏற்றது. அதைச் சேர்த்து எழுதுவது முக்கியம். பிரித்துக் ‘கதை வழக்கு’ என்று எழுதினால், கதையைத் திருடிவிட்டார்கள் என்று நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்கு என்றே நம்மூரில் கொள்வார்கள். கதைவழக்கு, தேய்வழக்கு என இரண்டையும் அருகருகே வைத்தால் உறவும் தெளிவாகிறது: முன்னது தேய்ந்தால் பின்னது. எனவே, ‘நினைவு தப்புதல் என்னும் கதைவழக்கை இயக்குநர் புதிதாகக் கையாண்டிருக்கிறார், நீதிமன்றக் காட்சிதான் தேய்வழக்கு’ என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடியும். பார்வையாளர் எதிர்பார்த்ததைக் காட்டுவதுபோல் காட்டி மாற்றிவிடுவதை ‘வழக்கு முறிப்பு’ எனலாம். விளக்கு அணைகிறது, நோயாளி எழுந்து வந்து அதை மீண்டும் ஏற்றுகிறார் என்றால் அது வழக்கு முறிப்பு.

தனித்தனிக் கதைவழக்குகளுக்குப் பெயர் வைக்கும்போது பழைய துறைப் பெயர்களின் நடையையே பின்பற்றலாம். முதலில் காட்டிய துப்பாக்கி பின்னர் வெடித்தே தீர வேண்டும் என்பதற்கு ரஷ்ய எழுத்தாளர் செகாவின் பெயரால் வழங்கும் ‘செகாவின் துப்பாக்கி’ போல ஆளின் பெயரில் வைப்பதைவிட, நிகழும் செயலின் பெயரில், சுருக்கமாக, தொழிற்பெயராக வைப்பது நம் முறை. மடலேறுதல் என்று சொன்னவர்களின் வழியில் நாமும் விளக்கணைதல், பூவுரசல், பாட்டால் கூடுதல், கூடை கவிழ்தல், முடிந்தபின் காவலர் வருதல் என்று எழுதத் தொடங்கலாம்.